குறி பாதத்தில் தொடங்குகிறது

1960-ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகர பேஸ்பால் அணியில் ஸ்டீவ் டால்கோவ்ஸ்கி என்ற 21 வயது இடக்கை இளைஞர் பந்து எறிந்தார். அந்தப் பருவத்தில் அவர் வீசிய 170 இன்னிங்ஸில் 262 பேட்டர்கள் ஸ்ட்ரைக் அவுட் ஆனார்கள். அசுர சாதனைதான். ஆனால் அதே 170 இன்னிங்ஸில் குறி தவறித் தவறி இன்னும் 262 பேரை அவர் இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்பியும் வைத்தார். அவரைவிட வேகமாக யாரும் எறிந்து பார்த்ததில்லை என்று அந்தக் கால ஆட்டக்காரர்கள் பலர் கடைசிவரை சொன்னார்கள். அப்படிப்பட்டவர் பேஸ்பாலின் உச்சநிலையான மேஜர் லீகின் அதிகாரபூர்வ ஆட்டம் ஒன்றில்கூட ஆடவில்லை. 2020-இல் காலமானார்.

வேகம் இருந்தும் குறி இல்லாமல் போவது ஏன்? பேஸ்பால் உலகம் நூறாண்டுக்கு மேலாக மல்லுக்கட்டும் கேள்வி இது. கையைப் பார்த்தே பல தலைமுறைப் பயிற்சியாளர்கள் இதற்கு விடை தேடினார்கள். விடையின் பெரும்பகுதி காலில் இருந்தது.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு இந்த ஆட்டத்தில் முதலில் சில அளவுகள் தெரிய வேண்டும். பந்தை எறிபவர் பிட்சர். கிரிக்கெட் பந்துவீச்சாளர் போல அவர் ஓடி வர முடியாது. ‘மவுண்ட்’ எனப்படும் மண்மேட்டின் மேல் ஒரு ரப்பர் பட்டை பதித்திருக்கும். அதைத் தொட்டபடி நின்ற இடத்திலிருந்து எறிய வேண்டும். அங்கிருந்து பேட்டர் முன்னால் கிடக்கும் ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம், அதாவது 18.44 மீட்டர். 1893-இல் வகுத்த இந்தத் தூரம் இன்றுவரை மாறவில்லை. பந்து தரையில் குத்தி எழுவதில்லை. நேராகப் பறந்து போக வேண்டும். பிளேட்டின் அகலம் 17 அங்குலம், ஏறத்தாழ 43 சென்டிமீட்டர். அதன் மேலே, பேட்டரின் முழங்காலுக்குக் கீழிருந்து நெஞ்சுவரை உள்ள வெளிதான் ‘ஸ்ட்ரைக் ஸோன்’. பேட்டர் மட்டையை வீசாமல் விட்ட பந்துகளில் நான்கு இந்த வெளிக்கு அப்பால் போனால் அவர் நடந்தே முதல் பேஸுக்குப் போய்விடலாம். அதற்குப் பெயர் ‘வாக்’. டால்கோவ்ஸ்கி கொடுத்த 262 அதுதான். பேட்டர் மூன்று முறை வெளிக்குள் வந்த பந்தை விட்டாலோ மட்டையை வீசித் தவறினாலோ அவுட்; அது ‘ஸ்ட்ரைக் அவுட்’. எதிரணியில் மூன்று பேர் அவுட் ஆனால் பிட்சர் கணக்கில் ஓர் இன்னிங்ஸ்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பிட்சர் ஓர் எட்டு முன்னே வைத்துத்தான் பந்தை விடுகிறார் என்பதால் பந்து பறக்கும் தூரம் சுமார் 17 மீட்டர். விடும் திசை பக்கவாட்டில் ஒரே ஒரு டிகிரி விலகினால் பிளேட்டை அடையும்போது பந்து ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். பிளேட்டின் நடுவிலிருந்து விளிம்புக்கு உள்ள தூரமோ 22 சென்டிமீட்டர்கூட இல்லை. நடுவைக் குறிபார்த்து ஒரு டிகிரி தவறினாலே பந்து வெளியே. தேர்ந்த பிட்சர்கள் நடுவைக் குறிபார்ப்பதும் இல்லை. அங்கே எறிந்தால் பேட்டர் அடித்து நொறுக்கிவிடுவார். அவர்கள் விளிம்பைத் தேடுகிறார்கள். அரை டிகிரிக்குள் நடக்கும் தொழில் இது.

அந்த அரை டிகிரியைக் கையால் சரிசெய்ய முடியுமா என்றால், முடியாது. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் பந்து கிளம்பும்போது கை ஒரு வில்வட்டத்தில் சுழன்றுகொண்டிருக்கிறது. அதன் திசை கணந்தோறும் மாறுகிறது. விரல்கள் ஒன்றிரண்டு மில்லி விநாடி முந்தித் திறந்தால் பந்து மேலே போகும். பிந்தினால் பேட்டரின் கால் முன்னே மண்ணில் குத்தும். கையிலிருந்து மூளைக்குச் செய்தி போய், மூளை தீர்மானித்து, திருத்தம் தசைக்குத் திரும்பி வருவதற்கு இதைப் போலப் பல மடங்கு நேரம் வேண்டும். கை சுழலத் தொடங்கிய பிறகு பிட்சர் தன் எறிதலைத் திருத்துவதற்கில்லை. ஒவ்வொரு முறையும் கை அதே இடத்துக்கு, அதே கோணத்தில், அதே நேரத்தில் வந்து சேரும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்வதொன்றே அவரால் ஆகக்கூடியது. அந்த ஏற்பாட்டைத்தான் உடலின் மற்றப் பகுதிகள் செய்கின்றன.

எறிதல் என்பது சாட்டையைச் சொடுக்குவது போன்ற வேலை. பின்கால் தரையை உந்துகிறது, இடுப்பு திரும்புகிறது, அதற்குச் சற்றுப் பின்னால் மார்பு திரும்புகிறது, பிறகு தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்நுனி. ஒவ்வொன்றும் முந்தையதிடமிருந்து விசையை வாங்கி, கூட்டி, அடுத்ததற்குக் கொடுக்கிறது. அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனம் அதிவேகக் கேமராக்களை வைத்துப் பல பிட்சர்களை அளந்திருக்கிறது. முன்கால் தரையில் பதிந்ததிலிருந்து பந்து விரலை விட்டுப் போவதற்கு சுமார் 0.15 விநாடிதான் ஆகிறது. அந்த நேரத்துக்குள் தோள் விநாடிக்கு 7000 டிகிரி என்ற கதியைத் தொடுகிறது. மனித உடலில் அளக்கப்பட்ட மிக வேகமான அசைவுகளில் அது ஒன்று. பாதம் தப்பாக விழுந்தால் அந்தத் தப்பு மூட்டுக்கு மூட்டு பெருகிக்கொண்டே போய் விரலில் வெளிப்படும்.

சமநிலை என்றதும் ஒற்றைக் காலில் ஆடாமல் நிற்பது நம் நினைவுக்கு வரும். அமெரிக்கப் பயிற்சியாளர்களும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தார்கள். முன்காலை உயர்த்தி, பின்காலில் எடையை நிறுத்தி, ஒரு கணம் சிலையாக நின்றுவிட்டு எறி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். தொடக்கநிலைச் சிறுவர்களுக்கு அது ஓரளவு பயன்படும். வளர்ந்தவர்களுக்குக் கெடுதல் என்பதே என் கருத்து. நின்றால் திரட்டிய விசை போய்விடும், மறுபடி தொடங்க உடம்பு அவசரப்படும், அவசரத்தில் தோள் முந்தும். பிட்சருக்கு வேண்டிய சமநிலை நகரும்போது கோடு விலகாமல் இருப்பது. தலையும் இடுப்பும் பிளேட்டை நோக்கி ஒரே நேர்கோட்டில் போக வேண்டும். மவுண்ட் தட்டையாக இருந்தால் இது எளிது. ஆனால் அது 10 அங்குல உயரம், முன்பக்கம் அடிக்கு ஓர் அங்குலம் வீதம் சரியும். பிட்சர் ஒவ்வொரு முறையும் பள்ளத்தில் கால்வைக்கிறார். (1968 வரை உயரம் 15 அங்குலம். அந்த ஆண்டு பாப் கிப்சன் உள்ளிட்ட பிட்சர்கள் பேட்டர்களைத் திணறடித்ததால் மறு ஆண்டே மேட்டை வெட்டித் தணித்தார்கள்.)

அந்தப் பள்ளத்தில் முன்பாதம் எங்கே விழுகிறது என்பதுதான் என் பார்வையில் எல்லாவற்றிலும் முக்கியமானது. எட்டின் நீளம் பிட்சரின் உயரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்று அதிகமாக இருப்பது வழக்கம். பாதம் பிளேட்டை நோக்கிய கோட்டின் மேலோ அதற்கு ஒரு மயிரிழை உட்புறமோ பதிய வேண்டும். விரல்கள் சற்றே உள்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். வலக்கைப் பிட்சர் ஒருவரின் இடப்பாதம் இடப்பக்கமாக விலகி விழுந்தால் இடுப்பு முன்னதாகவே திறந்துவிடுகிறது. மார்பு அதன் பின்னால் ஓடுகிறது, கை பின்தங்கி இழுபடுகிறது, பந்து வலப்புறம் மேலே பறக்கிறது. பாதம் அளவுக்கு மீறி உட்புறம் விழுந்தால் இடுப்பு பூட்டிக்கொள்ளும். உடம்புக்குக் குறுக்கே கையை வீசியே பந்தை அனுப்ப வேண்டியிருக்கும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பத்துப் பந்து எறிந்த பின் மண்ணில் பதிந்த தடங்களைப் பார்த்தால் போதும். ஒரே குழி விழுந்திருந்தால் நல்லது. நாலா பக்கமும் சிதறியிருந்தால் பந்தும் சிதறித்தான் போயிருக்கும்.

இதற்கு ரேண்டி ஜான்சனைவிடச் சிறந்த சாட்சி இல்லை. உயரம் 208 சென்டிமீட்டர், இடக்கை, மிரட்டும் வேகம். சியாட்டில் மேரினர்ஸ் அணிக்காக ஆடிய அவர் 1990, 1991, 1992 என மூன்று ஆண்டுகளும் மேஜர் லீகின் ஒரு பிரிவான அமெரிக்கன் லீகிலேயே அதிக வாக் கொடுத்தவர். 1991-இல் மட்டும் 152. இவ்வளவு நீண்ட கைகால்களை ஒருவரால் ஒழுங்குபடுத்தவே முடியாது என்று பலர் கைகழுவிவிட்ட நேரம். 1992 பருவத்தின் பின்பகுதியில் எதிரணியான டெக்சாஸ் ரேஞ்சர்ஸின் பயிற்சியாளர் டாம் ஹவுஸும் அந்த அணியின் மூத்த பிட்சர் நோலன் ரயனும் அவரை அழைத்துப் பேசினார்கள். எதிரணிக்காரருக்குத் தொழில் சொல்லிக் கொடுக்கும் பெருந்தன்மை எந்த ஆட்டத்திலும் அபூர்வம். ரயனுக்குக் குறி தவறும் வலி தெரியும். 5714 ஸ்ட்ரைக் அவுட் என்று வரலாற்றில் முதலிடம் பிடித்த அவரேதான் 2795 வாக் கொடுத்து அதிலும் முதலிடத்தில் இருப்பவர்.

அவர்கள் சுட்டிக்காட்டியது ஒரே விஷயம். ஜான்சன் முன்காலைக் குதிகாலில் ஊன்றி இறங்குகிறார். குதிகால் ஓர் அச்சாணியாகிவிடுகிறது. அத்தனை பெரிய உடம்பு அதைச் சுற்றி உருண்டு கோட்டிலிருந்து விலகுகிறது. பாதத்தின் முன்பகுதியை ஊன்றி இறங்கினால் கால் உடனே பிடிமானம் கொள்ளும், உடம்பு பிளேட்டை நோக்கியே போகும். கையைப் பற்றி அவர்கள் சொன்னதாகப் பெரிய செய்தி இல்லை. பலன் விரைவில் தெரிந்தது. செப்டம்பர் 27 அன்று அதே ரேஞ்சர்ஸுக்கு எதிராக, ரயனே மறுபக்கம் எறிய, ஜான்சன் எட்டு இன்னிங்ஸில் 18 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அடுத்த ஆண்டு வாக் எண்ணிக்கை 99 ஆகக் குறைந்தது, ஸ்ட்ரைக் அவுட் 308 ஆக ஏறியது. 2004-இல் வாக் வெறும் 44. அந்த மே மாதம் 40 வயதில், எதிரணியின் ஒருவரைக்கூட முதல் பேஸைத் தொடவிடாமல் ‘பெர்ஃபெக்ட் கேம்’ எறிந்தார். சிறந்த பிட்சருக்கான சை யங் விருது ஐந்து முறை அவருக்குக் கிடைத்தது.

பாதத்துக்கு அடுத்தபடி கவனிக்க வேண்டியது கையுறை அணிந்த கை. பார்ப்பவர்கள் எறியும் கையையே பார்ப்பதால் மற்றது கண்ணில் படுவதில்லை. அதை வீசி எறிந்துவிட்டால் அந்தப் பக்கத் தோள் இழுபட்டு மார்பு கோணுகிறது. அதை நெஞ்சுக்கு முன்னால் உறுதியாக நிறுத்தினால் உடம்பு அதை நோக்கிச் செல்லும், திருப்பத்துக்கு ஒரு நிலையான எல்லை கிடைக்கும். தலையும் அப்படித்தான். ஏறத்தாழ ஐந்து கிலோ எடை உடம்பின் உச்சியில் இருக்கிறது; அது ஒரு பக்கம் சாய்ந்தால் முதுகும் கூடவே சாயும், கண்ணுக்கும் இலக்கு குலுங்கும்.

முழு பலத்தையும் போட்டால் குறி கெடும் என்பதும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே. சாண்டி கோஃபாக்ஸ் என்ற பிட்சர் 1960-இல் 175 இன்னிங்ஸில் 100 வாக் கொடுத்தார். 1961 வசந்தகாலப் பயிற்சியில் அவர் பந்தைப் பிடிக்கும் கேட்சர் நார்ம் ஷெரி, இறுக்கிப் பிடிக்காமல் சற்றுத் தளர்த்தி எறியச் சொன்னார். தளர்ந்த தசையில் வேகம் குறையாமலே ஒழுங்கு வந்தது. 1963-இல் 311 இன்னிங்ஸில் வாக் வெறும் 58.

எல்லாம் உடலியக்கம்தானா என்றால், அப்படியும் சொல்லிவிட முடியாது. மேஜர் லீகின் இறுதித் தொடரான உலகத் தொடரில் 1971-இல் பிட்ஸ்பர்க்கின் நாயகர்களில் ஒருவராக இருந்த பிட்சர் ஸ்டீவ் பிளாஸ், 1973-இல் காயம் எதுவும் இல்லாமலே 89 இன்னிங்ஸுக்குள் 84 வாக் கொடுத்தார். என்ன செய்தும் குறி திரும்பவில்லை. மனமும் ஒரு மூட்டுதான் என்பதை அவருடைய கதைக்குப் பிறகு பேஸ்பால் ஒப்புக்கொண்டது.

ஜான்சனுக்கு உதவிய டாம் ஹவுஸ் பிற்பாடு இந்திய இளைஞர்கள் இருவரையும் பயிற்றுவித்தார். உத்தரப் பிரதேசத்தின் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் ஈட்டி எறிந்து பழகியவர்கள். பேஸ்பாலைக் கையில் தொட்டிராதவர்கள். 2008-இல் ஓர் எறிதல் போட்டியின் வழியாகத் தேர்வாகி, லாஸ் ஏஞ்சல்ஸில் ஹவுஸிடம் பயின்று, அதே ஆண்டு பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஒப்பந்தம் பெற்றார்கள். 2014-இல் வெளிவந்த ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ திரைப்படம் அவர்கள் கதை. படத்துக்கு இசை ஏ.ஆர்.ரஹ்மான். ஹவுஸ் பரப்பிய பயிற்சிகளில் புகழ்பெற்றது துண்டுப் பயிற்சி. பந்துக்குப் பதில் ஒரு துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு முழு எட்டும் வைத்து எறிவது போல வீச வேண்டும். முன்னால் ஒருவர் நீட்டிப் பிடிக்கும் கையுறையைத் துண்டு தட்ட வேண்டும். கோடு விலகினால் துண்டு எட்டாது. பந்தை விடாமலே பாதமும் தலையும் பாதை கற்றுக்கொள்ளும்.

இதெல்லாம் தெரிந்தும் பிள்ளைகளைக் கெடுப்பது களைப்பு. கால் சோரும்போது எட்டு குறுகும், முதுகு நிமிர்ந்துபோகும், முழங்கை தாழும், பந்து உயரே போகத் தொடங்கும். காலிலிருந்து வராத விசையைத் தோளும் முழங்கையும் ஈடுகட்டப் பார்க்கின்றன. முழங்கையின் உட்புறத் தசைநார் ஏற்கெனவே தாங்கும் எல்லைக்கு அருகில் இழுபடுவது. அது கிழிந்தால் வேறு இடத்துத் தசைநாண் ஒன்றை எடுத்துப் பொருத்தும் அறுவை சிகிச்சையை 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலாக டாமி ஜான் என்ற பிட்சருக்குச் செய்தார். அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. இன்று பள்ளி மாணவர்கள்கூட அந்தக் கத்திக்குப் போகிறார்கள். அமெரிக்காவின் லிட்டில் லீக் 2007-இல் எறிதலுக்கு எண்ணிக்கை வரம்பு கொண்டுவந்தது: 11, 12 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 85 பந்து.

பேஸ்பாலோ கிரிக்கெட்டோ ஈட்டியோ, பிள்ளைகளுக்கு எறியக் கற்றுத் தருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். குறி தவறத் தொடங்கியதும் ‘கையைச் சரியாக வை’ என்று கத்தாதீர்கள். மண்ணில் காலடித் தடத்தைப் பாருங்கள். தடம் சிதறியிருந்து பிள்ளை களைத்தும் இருந்தால் அன்றைக்குப் பந்தை வாங்கி வைத்துவிடுங்கள்.