பழைய மோட்டார் வண்டியும் புதிய புகைச் சட்டமும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே செல்லும் வீதி, இருமருங்கும் பரவைக்கடல் தோன்ற, மண்கும்பானையும் வேலணையையும் கடந்து ஊர்காவற்றுறையை நாடிச் செல்கின்றது. அவ்வீதியில் ஊர்காவற்றுறைக்கு அணித்தாய் உள்ளது கரம்பொன். தனிநாயகம் அடிகள் 1913ஆம் ஆண்டிற் பிறந்த ஊர் என்பதால் தமிழறிந்தோர் பலரும் இவ்வூரின் பெயரை அறிவர். இச்சிற்றூரையும் இலண்டன் மாநகரின் புகைக் கட்டுப்பாட்டு வலயத்தையும் ஒரே பேச்சில் இணைப்பது முதற்கண் வியப்பாகத் தோன்றலாம். எனினும் இரண்டிற்கும் பொதுவான பொருள் ஒன்று உண்டு. அது பழைய மோட்டார் வண்டி.

இரண்டாம் உலகப் போரினாற் பொருள்வளம் குன்றிய இங்கிலாந்து, தான் செய்த வண்டிகளைத் தன் மக்களுக்கு விற்பதிலும் பிறநாடுகளுக்கு ஏற்றுவதிலேயே கருத்தாயிருந்தது. அவ்வாறு கடல் கடந்து இலங்கைக்கு வந்தவற்றுள் இரண்டு யாழ்ப்பாணத்தில் வேரூன்றிவிட்டன. ஒன்று, 1947இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ-40. ‘ஏ போட்டி’ என்றாற் குடாநாட்டிற் சிறு பிள்ளைக்கும் தெரியும். மற்றது, அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்து 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர். மருத்துவரும், வழக்கறிஞரும், மலாயாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பியோரும், தென்னிலங்கை நகரங்களில் வாணிகம் செய்த தீவுப்பகுதிப் பெருமக்களும் இவற்றை விரும்பி வாங்கினர். பின்னர் 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி முட்டுப்பாடு காரணமாகப் புதிய வண்டிகளின் இறக்குமதி அருகியது. புதியது கிடையாதெனின் பழையதைச் செப்பனிடுவதே வழி. ஆகவே யாழ்ப்பாணத்தார் பழைய வண்டிகளைப் பேணியது கலையார்வத்தினால் அன்று. வேறு வழியின்மையால் என்பதே உண்மை. பழமையைப் போற்றும் பண்பு என இதனைப் பிற்காலத்தார் புகழ்வது சற்று மிகையாகும்.

வேறு வழியின்மையின் உச்சம் 1990ஆம் ஆண்டின் பின் வந்தது. அவ்வாண்டு மீண்டும் போர் மூண்டபோது குடாநாட்டுக்குப் பல பொருள்கள் தடை செய்யப்பட்டன. பெற்றோலும் அவற்றுள் ஒன்று. கிடைத்தது மண்ணெண்ணெய், அதுவும் அளவோடுதான். பெற்றோலுக்கென அமைந்த இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடியது எங்ஙனம்? இதனை விளங்கிக்கொள்ளல் பயனுடைத்து.

பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிக் காற்றோடு கலக்கும். மண்ணெண்ணெய் அவ்வாறு எளிதில் ஆவியாவதில்லை. ஆதலாற் குளிர்ந்த இயந்திரம் அதைக் கொண்டு தொடங்காது. சூடேறிய இயந்திரத்திலோ அது ஆவியாகி எரியும். எனவே சாரதியானவர் சிறு போத்தலிற் காத்து வைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தைத் தொடக்குவார். சூடேறியதும் வண்டி மண்ணெண்ணெயை உட்கொள்ளத் தொடங்கும். இம்முறை முற்றிலும் புதியதன்று. தோட்டங்களுக்கு நீரிறைத்த இயந்திரங்கள் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுவனவே. கமக்காரன் கிணற்றடியிற் கற்ற வித்தையைச் சாரதி தெருவிற் பயன்படுத்தினான் எனலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. இயந்திரத்தின் உருளைக்குள் எரிவாயுக் கலவை அழுத்தப்பட்டு, அதன்பின் பொறியினாற் பற்றவைக்கப்படுகின்றது. அழுத்தம் மிகின், தாழ்ந்த தரமுள்ள எரிபொருள் உரிய கணத்திற்கு முன்னரே தானாகப் பற்றிக்கொள்ளும், இயந்திரம் ‘கணகண’வென்று தட்டும், காலப்போக்கிற் பழுதாகும். 1950களின் வண்டிகளில் இவ்வழுத்தம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகக் கலவையைச் சுருக்கும் அளவினதே. இக்காலத்து வண்டிகளிற் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் சுருக்கப்படும். மெல்ல மென்று உண்ணும் முதியவர்க்குக் கரடுமுரடான உணவும் செரித்ததுபோலப் பழைய இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் ஒத்துக்கொண்டது. புதியன பல மூலையில் முடங்க, ‘ஏ போட்டி’யும் மைனரும் நோயாளரையும் கருவுற்ற பெண்டிரையும் மருத்துவமனைக்குச் சுமந்து சென்றன.

அதன் விலை சிறிதன்று. முற்றாக எரியாத மண்ணெண்ணெய் வெண்புகையாய்த் தெருவை மூடியது. எஞ்சியது உருளைச் சுவர் வழியே கசிந்து இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்தது. கரி படிந்து வால்வுகள் இறுகின. அந்நாளைய புகையை எவரும் குறை கூறவில்லை. கூறும் நிலையில் இருக்கவுமில்லை. (2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியின்போது பழைய வித்தையை நினைவுகூர்ந்தோர் இருந்தனர். ஆனால் அவ்வாண்டு ஆகத்து மாதத்தில் மண்ணெண்ணெய் இலீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததும் அந்நினைவு மறைந்தது.)

தடை 2002ஆம் ஆண்டில் நீங்கிற்று. பெற்றோல் தாராளமாக வந்தது. அதே ஆண்டில் இலங்கையில் ஈயங்கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது என்பது குறிக்கத்தக்கது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. அதை நீக்கியது நற்செயலே. ஆயின் பழைய இயந்திரங்களில் வெளியேற்று வால்வு அமரும் விளிம்பினை அவ்வீயமே மெல்லிய படலமாய்க் காத்து வந்தது. ஈயமற்ற பெற்றோலில் நெடுந்தூரம் விரைந்து ஓடின் அவ்விளிம்பு சிறிது சிறிதாகத் தேய்ந்து உள்வாங்கும். மருந்து யாதெனில், இயந்திரத் தலையைக் கழற்றிக் கடினமான உருக்கு வளையங்களை அவ்விடத்திற் பதித்தலாம். ஒருமுறை செய்தாற் போதும்.

தீவுப்பகுதியின் நிலை வேறு. 1990, 1991ஆம் ஆண்டுகளில் ஊர்காவற்றுறைத் தீவின் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பூட்டிய வீடுகளில் நின்ற வண்டிகளைக் கடற்காற்று தின்றது. இன்று புலம்பெயர்ந்த மக்கள் ஊர் திரும்பித் தந்தையாரின் வண்டியை மீட்க விழையும்போது, முதலில் நோக்க வேண்டியது வண்டியின் நிறத்தையன்று, அடிப்பாகத்தை. ஏ-40இன் முந்திய வகைகளிற் கனத்த இரும்புச் சட்டம் தனியாகவும் அதன்மேல் உடல் தனியாகவும் அமைந்துள்ளன. உடலிற் கறல் பிடித்தாலும் சட்டம் உறுதியாயின் வண்டி நிற்கும். மைனரில் தனிச் சட்டம் இல்லை. தகட்டுடலே வண்டியின் எலும்பு. கதவின் கீழுள்ள விளிம்புப் பெட்டியும், தரைத் தகடும், பின்வில் தொங்கும் இடமும் உளுத்துவிட்டால், மேலே கண்ணாடி போலப் பளபளக்கும் வண்டியும் உள்ளே முறிந்த வண்டியே. உளுத்த தகட்டின்மேற் பசை பூசி மறைத்தல் நோயை மறைத்தலன்றித் தீர்த்தலாகாது. நல்ல தகடு காணும்வரை வெட்டிப் புதியதை ஒட்டவேண்டும். மைனரின் முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ்மூட்டுக்கு உரிய காலத்திற் கொழுப்பு இடாவிடின் சக்கரமே சாய்ந்துவிடும் என்பதையும் மறத்தலாகாது.

உதிரிப்பாகத்திற்கு இலங்கை சீமையைக் கையேந்தியே நின்றது என்று எண்ணுதல் தவறு. 1990களில், இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் வண்டிகளைப் புதுக்குவதையே தொழிலாகக் கொண்ட சாள்ஸ் வெயர் என்பாரின் தொடர்பினால், தென்னிலங்கையிற் பட்டறையொன்றிலே தகடுகள் கையாற் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. வண்டியைச் செய்த நாட்டுக்கே அதன் உறுப்பை நம்மவர் செய்தனுப்பினர்!

இனி இலண்டனுக்கு வருவோம். அந்நகரில் 2019 ஏப்ரிலில் மிகத்தாழ் புகை வலயம் ஏற்படுத்தப்பட்டது. முதலில் நகர நடுவில் மட்டும் இருந்த அது, 2021 ஒற்றோபரில் ஈஸ்ற் ஹாம் முதலிய பகுதிகளுக்கும், 2023 ஆகத்து 29இல் ஹறோ, வெம்பிளி, ரூற்றிங் உட்பட மாநகர் முழுமைக்கும் விரிந்தது. தமிழர் செறிந்து வாழும் இடங்கள் இவை. குறித்த தரத்தை எய்தாத வண்டி ஒரு நாள் ஓடினாலும் பன்னிரண்டரைப் பவுண் செலுத்தவேண்டும். இச்சட்டத்தை வீண் கெடுபிடி எனத் தள்ளிவிடலாகாது. அந்நகரிற் பெருந்தெரு ஒன்றன் அருகே வாழ்ந்த எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்றா என்னும் சிறுமி, மூச்சுத் தடை நோயினால் 2013இல் ஒன்பது வயதில் இறந்தாள். காற்று மாசும் அம்மரணத்துக்குக் காரணம் என 2020இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார்.

ஆயினும் அவ்வலயத்தில் ஒரு விந்தை உண்டு. 2010இற் செய்த டீசல் வண்டிக்குப் பெரும்பாலும் கட்டணம் உண்டு; 1955இற் செய்த மொறிஸ் மைனருக்கு இல்லை. நாற்பது ஆண்டு கடந்து, வரலாற்று வாகனம் எனப் பதியப்பட்ட வண்டிகளுக்கு அங்கே விலக்களிக்கப்பட்டுள்ளது. ஒரு மைல் ஓட்டத்திற்கு மைனர் கக்கும் கரியோரொட்சைட்டும் எரியாத எண்ணெய் ஆவியும் புதிய பெற்றோல் வண்டியினதிலும் பன்மடங்கு என்பதில் ஐயமில்லை. அதில் வாயுவைத் தூய்மையாக்கும் வினையூக்கிக் கருவி இல்லை. பின் ஏன் விலக்கு? அத்தகைய வண்டிகள் மிகச் சில. அவையும் ஞாயிற்றுக்கிழமைகளிற் சிறிது தூரமே ஓடுவன. மொத்தத்தில் அவற்றின் புகை அற்பம் என்பதே காரணம். தொழிலுக்கு ஓடும் வண்டிக்கு அவ்விலக்கு இல்லை. 1973க்கு முன் செய்யப்பட்டவை மட்டும் தொழிலுக்கு ஓடினும் விடுபடும்.

இந்தியா இதனினும் இறுக்கமான கோட்டை வரைந்தது. 2021இல் வந்த விதிகளின்படி ஐம்பதாண்டு கடந்த வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். ஆயின் அதனை அன்றாடம் ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, செப்பனிடல் போன்றவற்றுக்கே வீதியிலிறங்கலாம்.

இலங்கையில் இத்தகைய வலயம் இன்னும் ஏற்படவில்லை. என்றேனும் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஏற்படின், பிறநாட்டு விதியை அப்படியே எடுத்தெழுதும் வழக்கம் இங்கே உண்டாதலால், ஆபத்தை முன்கூட்டியே உணர்தல் நலம். யாழ்ப்பாணத்து ‘ஏ போட்டி’ அணிகலனாக வாழ்ந்ததன்று, உழைப்பாளியாக வாழ்ந்தது. போர் முடிந்த பின்னரும் அது வாடகைக்கு ஓடிற்று, மணமக்களை ஏற்றிற்று. முச்சக்கர வண்டியும் சிறிய யப்பான் வண்டியும் அதன் இடத்தைப் பிடிக்க, இன்று அருகிவிட்டது. எஞ்சியவற்றுக்கு இந்திய விதி வருமாயின், கொட்டகையிற் போர்வை மூடி ஆண்டிற்கொருமுறை வெளியே எடுக்கும் செல்வரின் வண்டி பிழைக்கும். அதே வண்டியால் உலையேற்றும் முதிய சாரதியின் வண்டி இரும்புக் கடைக்குப் போகும். வயதை மட்டும் அளவுகோலாக்கினாலோ இருவர் வண்டியும் போகும். தலைநகர் டெல்லியிற் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிக்கும் பதினைந்தாண்டு கடந்த பெற்றோல் வண்டிக்கும் விதித்த தடையை 2018இல் உறுதிப்படுத்திய உச்சநீதிமன்றமே, வயது ஒன்றையே காரணமாகக் கொண்டு கடும் நடவடிக்கை எடுக்கலாகாதென 2025இல் ஆணையிட்டது. வயதை அளப்பது எளிது. புகையை அளப்பதே நேர்மை.

புகையை அளக்கும் முறையோ இலங்கையில் 2008 முதல் உள்ளது. ஆண்டுதோறும் புகைச் சோதனைச் சான்றிதழ் காட்டினாலன்றி வாகன வருமான உத்தரவுப் பத்திரம் கிடையாது. பெற்றோல் வண்டியாயின், புகைக்குழாய்க்குள் ஒரு கோலைச் செலுத்திக் கரியோரொட்சைட்டையும் எரியாத ஆவியையும் அளப்பர். நன்கு செப்பனிட்ட பழைய இயந்திரம் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டுவது கவனியாத இயந்திரமே. காபரேற்றர் ஊசி தேய்ந்தாற் பெற்றோல் மிகுதியாய்ப் பாய்ந்து கரும்புகையாகும். காற்று வடி அடைபட்டாலும் அதுவே விளைவு. உருளை வளையங்கள் தேய்ந்தால் எண்ணெய் எரிந்து நீலப்புகை எழும். ஆகவே புகையின் நிறத்தைக் கொண்டே நோயை அறியலாம். மைனரின் ஏ-வகை இயந்திரத்தில் மின்பகிர்வியின் தொடுமுனைகளின் இடைவெளி 0.015 அங்குலமும் வால்வு இடைவெளி 0.012 அங்குலமும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் தகட்டளவுகோல் கொண்டு ஒரு முற்பகலிற் சரிசெய்துவிடலாம். அதற்குப் பெரும் பணம் வேண்டா, பொறுமை வேண்டும்.

சோதனைக்குச் செல்லுமுன் எண்ணெயை மாற்றி, வடியைத் துப்புரவாக்கி, இயந்திரத்தை நன்கு சூடேறவிடுதல் வேண்டும். குளிர்ந்த இயந்திரம் கலவையை முற்றாக எரிக்காது. நல்ல வண்டியும் அதனால் தவறிப்போகும். கரம்பொன்னிலிருந்து தாம்போதியைக் கடந்து யாழ்ப்பாணத்துக்குப் போகும் வண்டிக்கு அச்சூடு வழியிலேயே ஏறிவிடும்.