பிழைபட்ட காசும் அதன் மதிப்பும்

உத்திரமேரூர் என்றவுடன் எல்லோரும் குடவோலையைத்தான் நினைப்பர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921-இல் பொறிக்கப்பெற்ற எங்கள் ஊர்க் கல்வெட்டு, ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றோடு பொன் வாரியம் என்ற ஒன்றையும் கூறுகிறது. பொன்னும் காசும் நோட்டம் பார்ப்பவரைப் பழந்தமிழர் வண்ணக்கர் என்று அழைத்தனர். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் என்று ஒரு சங்கப் புலவரே இருந்திருக்கிறார். அந்த நோட்டக் கலையில் ஒரு சிறு பகுதியை, அதாவது அச்சடிக்கும்போது பிழைபட்டுப்போன காசுகளை இனங்காணும் முறையை, இன்று விளக்க முற்படுகிறேன்.

காசு பிறக்கும் விதத்தை முதலில் அறிதல் வேண்டும். உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி எடுக்கிறார்கள். அவ்வில்லையை மேலும் கீழுமாக இரண்டு அச்சுக்களுக்கு இடையே வைத்து, பக்கவாட்டில் பிதுங்காதபடி ஒரு வளையத்தையும் இட்டு, பொறியால் அழுத்துகிறார்கள். வில்லை, அச்சு, அழுத்தம் ஆகிய மூன்றில் எது தவறினாலும் பிழை உண்டாகும்.

வில்லை சரியாக அமராவிட்டால் உருவம் ஒருபுறம் ஒதுங்கி, மறுபுறம் பிறைபோல் வெறுமையாக நிற்கும். அச்சில் வெடிப்பு விழுந்தால் காசின்மேல் மெல்லிய மேட்டுக்கோடு தோன்றும். மேடு என்பதைக் கவனியுங்கள். பள்ளமான கோடு என்றால் அது பிற்பாடு விழுந்த கீறலே. முன்பு அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டால், அடுத்த வில்லையின் ஒரு முகத்தில் உருவம் முறைப்படியும், மறுமுகத்தில் அதே உருவம் குழியாக, இடவலம் மாறியும் பதியும். இவ்வகைக் காசைச் சேகரிப்போர் மிகவும் விரும்புவர்.

விரும்பப்படும் பொருளுக்குப் போலி உண்டாவது இயல்புதானே! இரண்டு காசுகளை அடுக்கிச் சம்மட்டியால் அடித்தாலும் குழியுருவம் விழும். ஆனால் அங்கே பழைய எழுத்தின் சாயல் அடியில் தெரியும். அடிபட்ட மறுமுகமும் தட்டையாகியிருக்கும். தராசும் நல்ல சாட்சி. 1992 முதல் 2004 வரை வெளிவந்த பதினொரு பக்க இரண்டு ரூபாய்க் காசின் நிறை 6 கிராம். உருவம் ஒதுங்கியிருப்பினும் நிறை குறைய நியாயமில்லை. ஓரம் குறைந்த வில்லையில் அடித்த காசு நிறை குறையும். அங்கே குறைபாட்டிற்கு நேர் எதிர் விளிம்பும் பெரும்பாலும் மங்கியிருக்கும். அரத்தால் அராவியவனுக்கு அந்த எதிர் விளிம்பின் நினைவு வருவதில்லை.

கையால் அடித்த காசுக்கு இக்கணக்கு பொருந்தாது. இராசராசன் பெயர் பொறித்த செப்புக்காசுகள் பலவற்றில் உருவம் ஒதுங்கியே இருக்கும். சம்மட்டிக் காலத்தில் அது வழக்கம்; நடுவில் செம்மையாக விழுந்ததற்கே அங்கு விலை அதிகம். 1943 முதல் அடித்த ஓட்டைக் காலணாவும் பிழையன்று. போர்க்காலத்தில் செம்பை மிச்சப்படுத்தவே நடுவில் துளையிட்டார்கள். 1911-ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயோ வேறு கதை. மன்னரின் அங்கியில் இருந்த யானையின் துதிக்கை குறுகி, பன்றிபோல் காட்சியளித்தது. முஸ்லிம் மக்களிடையே எதிர்ப்பு எழவே, வெளிவிட்டது சுமார் 7 லட்சத்தோடு நின்றது. எஞ்சியவற்றை உருக்கி, அடுத்த ஆண்டு யானையைத் திருத்தி அமைத்தார்கள். அது சித்திரப் பிழையேயன்றி அச்சுப் பிழையன்று. ஆயினும் 'பன்றி ரூபாய்' என்று இன்றும் தேடுகிறார்கள்.

இனி, விலை. எங்கள் தெருவில் ஓர் அம்மையார், கணவரை இழந்தவர். 2012-இல் வெளிவந்த வைஷ்ணவி தேவி உருவம் பொறித்த ஐந்து ரூபாய்க் காசுக்குப் பத்து லட்சம் தருவதாகக் கைபேசியில் எவனோ சொல்ல, பதிவுக் கட்டணம் என்று நாலாயிரம் ரூபாய் அனுப்பிவிட்டார். வரி என்று மேலும் கேட்கவே, தோட்டை அடகு வைக்கப் புறப்பட்டவர் வழியில் என்னைக் கண்டு விசாரித்தார். "அம்மா, காசை வாங்குகிறவன் உங்களுக்குப் பணம் தருவானா, உங்களிடம் பணம் கேட்பானா?" என்றேன். சற்று நின்று யோசித்தார். தோடு தப்பியது, நாலாயிரம் திரும்பவில்லை. அக்காசில் பிழையும் இல்லை, அருமையும் இல்லை; ஏராளமாய்ப் புழங்கியது. தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் வரியும் கேட்போரை நம்பவேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது.

உண்மையான பிழைக்காசாயினும், பிழை கண்ணுக்கு நன்கு தெரியவேண்டும். ஆண்டும் மதிப்பும் படிக்கக்கூடியதாக இருப்பின் இன்னும் நன்று. சிறு பிழைக்கு முகமதிப்பைவிடச் சற்றே கூடக் கிடைக்கலாம். விலை என்பது கேட்கும் விலையன்று, ஏலத்தில் ஒருவர் மெய்யாகவே கொடுத்த விலை. புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கிவிட்டால் அதுவும் போயிற்று. குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் காசைத் துலக்கும் நம் வீட்டு வழக்கத்தால் எத்தனை நல்ல காசுகள் கெட்டிருக்கின்றனவோ!

நம் பக்கத்து உழவர்களுக்கு ஒரு வார்த்தை. மண்ணுள் புதைந்த காசுக் குவியல் கிடைத்து, அதன் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்படுமானால், 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு அறிவித்தல் வேண்டும். அதுவரை கழுவாமல், ஒட்டியிருக்கும் மண்ணோடும் கிடைத்த கலயத்தோடும் அப்படியே வைத்திருங்கள்.