குடிக்காதவருக்கும் ஈரல் கெடுமா? – இதயத்திலிருந்து கல்லீரல் வரை

நம்ம மணமேல்குடியில எனக்கு ஒரு பள்ளித் தோழர். சின்ன வயசுலேயே சென்னையில இதய ஆபரேஷன் ஆனவர். இப்போ வயசு 28. போன மாசம் ஸ்கேன் பார்த்துட்டு, கல்லீரல்ல தழும்பு இருக்குன்னு சொல்லிட்டாங்க. உடனே தெருவுல ஒரே பேச்சு: "ரகசியமா குடிச்சிருப்பான்." அவர் மதுவைத் தொட்டதே இல்லை. அப்போ ஈரல் எப்படிக் கெட்டுச்சு? நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் ஆளு. படிச்சுப் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன்.

நிமிஷத்துக்குச் சுமார் 1.5 லிட்டர் ரத்தம் கல்லீரலுக்குள்ள போகுது. அது வெளியேறி, பெரிய சிரை வழியா இதயத்தோட வலது பக்கம் சேரணும். அந்த வழியில தடுப்பு வால்வு கிடையாது. அதனால வலது பக்கம் அழுத்தம் கூடினா, அது நேரா கல்லீரல் மேலதான் விழும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில பாத்திருப்பீங்க. கடல் ஏறி நிக்கும்போது வாய்க்கால் வடியாது. வடிகாலை ஒட்டின வயல்தான் முதல்ல மூழ்கும். கல்லீரல்லயும் அப்படியே. ரத்தம் வெளியேறும் நடுச் சிரையைச் சுத்தியிருக்கிற செல்கள்தான் முதல்ல தேக்கத்துல மாட்டும். ஏற்கெனவே அங்கேதான் ஆக்சிஜன் குறைவு. அப்படித் தேங்கின ஈரலை வெட்டிப் பாத்தா சிவப்பும் வெளுப்புமா இருக்கும். அதனால அதுக்கு 'ஜாதிக்காய் ஈரல்'னே பேர்.

அழுத்தமும் ஆக்சிஜன் பஞ்சமும் வருஷக்கணக்கா நீடிச்சா, ஈரலின் நட்சத்திர செல்கள் விழிச்சுக்கிட்டு கொலாஜன் நாரை உற்பத்தி செய்யும். இதுதான் ஃபைப்ரோசிஸ், அதாவது தழும்பு. ஒரு நடுச் சிரையிலிருந்து இன்னொண்ணுக்குத் தழும்பு பாலம் போடும், முற்றினா சிரோசிஸ். செல்கள் செத்துச் செத்து மறுபடி பெருகும்போது மரபணுவுல பிழைகள் சேரும். அதுல ஒண்ணு புற்றுநோயா மாறலாம்.

தோழருக்கு நடந்தது ஃபோன்டான் ஆபரேஷன். இதயத்துல ஒரே ஒரு கீழறைதான் உருப்படியா வேலை செய்யும்னு பிறக்கிற குழந்தைகளுக்கானது. பிரான்சின் போர்டோ நகர்ல பிரான்சிஸ் ஃபோன்டான் 1968-ல முதன்முதலா செஞ்சு, 1971-ல வெளியிட்டார். உடம்புலேருந்து வர்ற ரத்தத்தை, தள்ளிவிட பம்ப் இல்லாமலே நேரா நுரையீரலுக்கு அனுப்புறாங்க. அப்போ சிரையில அழுத்தம் எப்பவுமே கூடுதலா இருந்தாதான் ரத்தம் ஓடும். உயிரைக் காப்பாத்துற அதே அழுத்தம்தான் ஈரலை மெல்ல மெல்ல அரிக்குது.

இது ஃபோன்டான்காரர்களுக்கு மட்டும் இல்லை. ருமாட்டிக் காய்ச்சலால வால்வு கெட்டவங்களுக்கும், காசநோயால இதய உறை இறுகினவங்களுக்கும் ஈரல்ல ரத்தம் தேங்கலாம். அங்கே காரணத்தை நேரத்தோட சரிபண்ணினா ஈரல் ஓரளவு தேறும்.

ஒரு சிக்கல்: ரத்தப் பரிசோதனை பல வருஷம் கிட்டத்தட்ட நார்மலாவே இருக்கலாம். ஃபைப்ரோஸ்கேனோ தேக்கத்தையும் விறைப்பாவே காட்டும். அதனால அந்த எண்ணை மட்டும் பாத்துத் தழும்பு எவ்வளவுன்னு முடிவு பண்ண முடியாது. புற்றுநோய் அரிதுதான். ஆனா 20, 30 வயசுக்காரங்களுக்கும் வந்திருக்கு.

அதனால சின்ன வயசுல இந்த ஆபரேஷன் ஆனவங்க, உடம்பு நல்லா இருந்தாலும், இதய டாக்டர்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "என் ஈரலை எப்போ, எப்படிப் பாக்கணும்?" ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டாச்சான்னும் கேட்டுக்கோங்க. மது வேண்டவே வேண்டாம்.

தெருவுல பேசுறவங்களுக்கும் ஒரு வார்த்தை. ஈரல் கெட்டவங்க எல்லாரும் குடிச்சவங்க இல்லை.