பழைய மோட்டாரைச் செப்பனிடுதல்

ஊவா மலைத் தோட்டங்களிலே ஒரு காலத்தில் ஓடிய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார்கள் இன்று அருமைப் பொருள்களாகிவிட்டன. நம் பழைய மாணவருள்ளும் அத்தகைய கார் ஒன்றை வாங்கிச் செப்பனிட விரும்புவோர் உளர். அவர்க்கும், கைத்தொழிலில் நாட்டமுள்ள மாணவர்க்கும் பயன்படுமாறு அம்முயற்சியின் இயல்பை ஈண்டுச் சுருக்கமாக விளக்குவோம். தமிழாசிரியருக்கு மோட்டாரோடு என்ன உறவு என வினவுவார்க்கு ஒன்று கூறுவோம்: கம்பிகள் பொருத்திய காரின் சில்லைக் காட்டி, நடுவிலிருப்பது குடம், சுற்றியிருப்பது வட்டை, இரண்டையும் இணைப்பன ஆர்கள் என்னும்போது தேர்த்தச்சர் வழங்கிய சொற்களையே நாம் வழங்குகின்றோம்.

இவ்வகைக் கார்களுள் எம்.ஜி. என்பதையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மொறிஸ் கராஜஸ் என்னும் பெயரின் சுருக்கமே அது. ஒக்ஸ்போட் நகரில் தோன்றி, 1929 ஆம் ஆண்டில் அபிங்டன் என்னும் ஊருக்குப் பெயர்ந்த இத்தொழில், 1980 வரை அங்கே நடைபெற்றது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் 1945 முதல் 1949 வரை ரி.சி. என்னும் வகையில் ஏறத்தாழ 10,000 கார்களும், அதன்பின் 1953 வரை ரி.டி. என்னும் வகையில் ஏறத்தாழ 30,000 கார்களும் செய்யப்பட்டன. இரண்டும் 1,250 கன சென்ரிமீற்றர் எந்திரம் உடையன, இருவர் அமரத்தக்கன, மேற்பக்கம் திறந்தன. வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதைக்கு இச்சிறு கார்கள் பொருந்தின. நுவரெலியாவில் 1934 ஆம் ஆண்டில் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியும் இவ்வார்வத்தை வளர்த்தது.

வாங்குவோர் முதலிற் பார்க்கவேண்டியது மினுக்கத்தை அன்று, இலக்கத்தை. அடிச்சட்டத்திற் பொறித்த இலக்கமும் எந்திர இலக்கமும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவோடு ஒத்திருத்தல் வேண்டும். ரி.சி., ரி.டி. என்னும் இருவகையிலும் அடிச்சட்ட வரிசை 0251 என்பதிலிருந்தே தொடங்கியது. அபிங்டன் தொழிற்சாலையின் தொலைபேசி இலக்கம் 251 என்பதே அதற்குக் காரணம். ஆகவே அதற்குக் குறைந்த இலக்கம் காணப்படின் ஐயுறுக.

அடுத்து மரத்தை ஆராய்தல் வேண்டும். இக்கார்களின் வெளித்தகடு ஆஷ் என்னும் மரத்தாலாகிய சட்டத்தின்மேல் அறையப்பட்டது. பதுளைப் பக்கத்து வாடைமழையிலும் கறையான் அரிப்பிலும் அம்மரம் வெளியே தெரியாமல் உளுத்துவிடும். கதவைத் திறந்து மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள். கீல் பொருந்திய தூண் அசையுமாயின் உள்ளே மரம் போயிற்று என்று அறியலாம். தகட்டின்மேற் பூசிய புது நிறம் இதனை மறைக்குமேயன்றி மாற்றாது.

வாங்கிய பின் எதனை முதலிற் செய்வது? பலர் நிறம் பூசுவதிலே தொடங்குவர். அது முறையன்று. அப்புத்தளை ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தில் உள்ளது. பதுளையோ ஏறத்தாழ 680 மீற்றர். இடைப்பட்ட இறக்கத்தில் உயிரைக் காப்பது பிரேக். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் தன்மையது. பல்லாண்டு நின்ற காரில் அவ்வீரம் உருளைகளைக் கறள்பிடிக்கச் செய்யும். இறப்பர்க் குழாய்களும் பழுதடையும். எனவே பிரேக், சுக்கான், பெற்றோல் குழாய், மின்கம்பி, எந்திரம் என்ற முறையிலே சென்று, நிறத்தை இறுதிக்கு வைத்தல் தகும்.

எந்திரத்தைக் கழற்றுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. ரி.சி., ரி.டி. எந்திரத்துப் போல்ட்டுகளின் தலைக்கு ஆங்கில விட்வர்த் அளவு ஸ்பானர் பொருந்தும். ஆனாற் புரியோ பிரெஞ்சு மெற்றிக் முறையிலானது. முதல் உலகப் போர்க்காலத்தில் ஹொச்கிஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனம் கொவென்றியில் எந்திரத் தொழிற்சாலை அமைத்தது. 1923 இல் அதனை மொறிஸ் வாங்கியபோது, இருந்த கருவிகளும் உடன் வந்தன. புரியும் மாறாது நின்றது. இவற்றுள் 8 மில்லிமீற்றர்ப் போல்ட்டின் புரியிடை 1 மில்லிமீற்றர். இன்று கடையிற் பொதுவாகக் கிடைப்பது 1.25 மில்லிமீற்றர். அதனை வலிந்து முறுக்கின் எந்திரத்தின் புரியே அழியும்.

மின்னமைப்பிலும் ஒரு வேறுபாடு உண்டு. இக்கார்களில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டது. இன்றைய வழக்கப்படி எதிர்முனையை இணைத்தாற் சில கருவிகள் கெடும். மேலும், 2002 ஆம் ஆண்டில் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. வால்வு இருக்கைகளுக்கு ஈயம் ஒரு காப்பாக இருந்தமையின், எந்திரத் தலையைத் திறக்கும்போதே கடினமான புதிய இருக்கைகளைப் பொருத்திக்கொள்ளுதல் நன்று.

இனி, நாம் சிறப்பாக வற்புறுத்த விரும்புவது ஒன்று. இத்தகைய காரைப் பிரிக்கும்போது, அபிங்டனிலிருந்து வாராத பொருள்கள் சில கிடைக்கக்கூடும்: கையாற் கடைந்த ஓர் ஊசி, தேயிலைப் பெட்டிப் பலகையால் இட்ட தரை, தகடு வெட்டி வைத்த ஓர் ஒட்டு. இவற்றைக் குப்பையென்று எறிதல் கூடாது. இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட 1960களிலும் 1970களிலும் உதிரிப்பாகம் கிடைப்பது அரிதாயிற்று. அக்காலத்தில் தொழிற்சாலைக் கடைசற் பொறியில் பாகங்களைச் செய்து துரையின் காரை ஓடச் செய்தவர் தோட்டத்துப் பிற்றர்மார். பதிவுப் புத்தகத்திலே துரையின் பெயர் இருக்கும். பிற்றரின் பெயர் இராது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. 1975 ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமார் போயினர்; தலைமன்னார்க் கப்பலிலே பிற்றர் பலரும் போயினர். அவர்தம் கைவேலைக்கு எஞ்சிய சான்று அவ்வொட்டுக்களே. பயன்படக்கூடியதாயின் அதனை அவ்வாறே வைத்திருங்கள். பாதுகாப்புக் கருதி மாற்றினால், படமெடுத்துப் பெயரெழுதி எடுத்து வையுங்கள்.

இக்கைத்திறன் மதிப்பற்றதென்று மாணவர் எண்ணல் வேண்டா. 1990களில் சார்ள்ஸ் வெயர் என்னும் ஆங்கிலேயர், மொறிஸ் மைனர்க் கார்களுக்கான பாகங்களை இலங்கையிலே செய்வித்து இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அக்காரைப் பிறப்பித்த நாடே அதன் உறுப்பை நம்மவர் கையிலிருந்து பெற்றது. தகடு தட்டவும், மரம் இணைக்கவும், புரி வெட்டவும் வல்ல முதியோர் இன்னும் ஊவாவிற் சிலர் உளர். அவர்பால் நம் இளைஞர் இப்போது கற்றாலன்றிப் பின்னர்க் கற்க இயலாது.

பழைய மாணவரே, நீங்கள் ஒரு காரைச் செப்பனிட முனைவீராயின், ஒரு மாணவனை உடன் வைத்துக்கொள்ளுங்கள். பதிவுப் புத்தகத்தோடு ஒரு குறிப்பேட்டையும் வையுங்கள். எந்தப் பாகத்தை எந்த ஆண்டில் எவர் செய்தார் என்பதை அதில் எழுதுங்கள். முன்னே உழைத்தவரின் பெயர் தெரியுமாயின் அதனை முதற்பக்கத்தில் எழுதுங்கள்.