இன்கா பாதைக்குக் கால்களைப் பழக்குதல்

பெரு நாட்டின் ஆண்டீஸ் மலைத்தொடரில், ரயில்பாதையின் 82ஆவது கிலோமீட்டர் என்பதையே பெயராகக் கொண்டுவிட்ட ஓரிடத்தில் தொடங்கி, மாச்சு பிச்சு என்னும் பழநகரில் முடியும் இன்கா பாதை ஏறக்குறைய 43 கிலோமீட்டர் நீளமுடையது. அதை நான்கு நாட்களில் கடப்பதே வழக்கம் என்பதால், தொலைவை மட்டும் கணக்கிடுபவருக்கு அது எளிய நடையாகத் தோன்றக்கூடும். ஆனால் பாதையை அமைத்த இன்காக்கள் சக்கர வண்டியைப் பயன்படுத்தாதவர்கள். மனிதரும் லாமா என்னும் சுமை விலங்கும் மட்டுமே செல்லவேண்டிய சாலை என்பதால், சரிவுகளைச் சுற்றி வளைக்க அவர்கள் மெனக்கெடவில்லை. கற்படிகளை அடுக்கி, சாலையை நேராக ஏற்றியும் இறக்கியும் விட்டனர். பயணத்திற்கான ஆயத்தம் இந்தப் படிகளைக் கருத்தில் கொண்டே தொடங்க வேண்டும்.

அதற்கும் முந்தைய தடை காற்று. பயணிகள் பெரும்பாலும் கடலோரத் தலைநகரான லிமாவிலிருந்து விமானம் ஏறி, 3,400 மீட்டர் உயரத்திலுள்ள குஸ்கோ நகரில் சில மணி நேரத்திற்குள் இறங்கிவிடுகின்றனர். உயரம் கூடும்போது காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை, காற்றழுத்தமே குறைகிறது. பாதையின் உச்சியான 4,215 மீட்டர் கணவாயில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான். இதனால் வரும் தலைவலி, குமட்டல், உறக்கமின்மை ஆகியவற்றை அங்குள்ளோர் ‘சொரோச்சே’ என்கின்றனர். இளமையோ உடற்பயிற்சியோ இதற்குக் காப்பாகாது; நல்ல ஓட்டக்காரரும் படுத்துவிடுவதுண்டு. உடல் பழகுவதற்கு நாட்களைக் கொடுப்பதே வழி என்பதால், குஸ்கோவில் இறங்கியதும் சுமார் 2,800 மீட்டர் உயரமே உள்ள உருபாம்பா பள்ளத்தாக்கிற்குச் சென்று இரண்டு மூன்று இரவுகள் தங்குவது அறிவுடைய செயல். கொக்கா இலைத் தேநீர் விடுதிகளில் தாராளமாகக் கிடைக்கும். ஆயினும் அது ஓய்வுக்கு மாற்றாகாது. அசெட்டசோலமைடு போன்ற மாத்திரையை ஊரிலேயே மருத்துவரைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நடை தடுமாறினாலோ, ஓய்விலும் மூச்சு இரைத்தாலோ உடனே கீழிறங்குவதைத் தவிர வேறு போக்கில்லை. கணவாயைத் தாண்டிய பின் திரும்புவதென்றால் அதே கணவாயை மறுபடியும் ஏறவேண்டும் என்பதால், உடல்நிலையை இரண்டாம் நாள் காலையிலேயே வழிகாட்டியிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

அந்த இரண்டாம் நாளில் 1,000 மீட்டருக்கு மேல் ஏறவேண்டியிருப்பதால் எல்லோரும் ஏற்றத்திற்கே பயிற்சி செய்கின்றனர். முழங்கால்களைப் பதம் பார்ப்பதோ இறக்கம். இறங்கும்போது தொடைத் தசைகள் உடலின் எடையைத் தாங்கியபடியே நீள்கின்றன. பழகாத தசைக்கு மறுநாள் அது கடும் வலியாகத் திரும்பும். ஆகவே இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பிருந்தே, அடுக்குமாடிப் படிகளில் முதுகுப்பையோடு ஏறி, மின்தூக்கியைத் தவிர்த்து நிதானமாக நடந்தே இறங்கிப் பழகவேண்டும். புதுக் காலணியும் இந்த மாதங்களிலேயே காலுக்குப் படிந்துவிடும்.

நினைத்த நாளில் புறப்பட இயலாது. வழிகாட்டிகளும் சுமையாட்களும் உட்பட நாளொன்றுக்கு 500 பேருக்கே அனுமதி உண்டு. வழிகாட்டியின்றிச் செல்லத் தடையும் உண்டு. மே முதல் செப்டம்பர் வரையிலான மழையற்ற மாதங்களுக்கான இடங்கள் வெகு முன்பே தீர்ந்துவிடுகின்றன. பராமரிப்புக்காகப் பிப்ரவரி முழுவதும் பாதை மூடப்படும். சுமையாட்கள் தூக்கும் எடைக்குச் சட்டப்படி உச்சவரம்பு இருப்பதால், பயணி ஒப்படைக்கும் பையும் நிறுத்துப் பார்க்கப்படும்.

வழியிலுள்ள இடிபாடுகளைப் பற்றிச் சிறிது தெரிந்துகொண்டு செல்வதும் ஆயத்தமே, ஏனெனில் களைத்த கண்ணுக்கு எல்லாம் ஒரே கற்சுவராகத் தெரியும். வட்டவடிவ ருங்குராக்காய், ‘தம்போ’ எனப்பட்ட வழித்தங்கல் மனையாக இருந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது. மூன்று புறமும் சரிவு சூழ்ந்த சயக்மார்க்காவை ஒடுங்கிய செங்குத்துப் படிக்கட்டின் வழியாகத்தான் அடைய முடியும். அத்தகைய இடங்களில் ஊன்றுகோல் பெருந்துணை; ஆனால் கூரிய உலோக முனை பழங்கற்களைச் சிதைக்கும் என்பதால், ரப்பர் உறை மாட்டிய கோல்களுக்கே அங்கு அனுமதி.