மின்சாரம் நின்றாலும் கோப்பு பிழைக்குமா?

கணிப்பொறியில் ஒரு கட்டுரையைத் தட்டச்சு செய்து முடித்து, 'சேமி' என்னும் பொத்தானை அழுத்துகிறீர்கள். அந்தக் கணமே மின்சாரம் நின்றுவிடுகிறது. கட்டுரை பிழைத்ததா, இல்லையா?

'சேமித்தாயிற்றே, பிறகென்ன கவலை?' என்று கேட்கத் தோன்றும். ஆனால் சேமித்தல் என்பது ஒரே செயல் அன்று. பல சிறு செயல்களின் தொடர். அத்தொடரின் நடுவே மின்சாரம் நின்றால், எழுதிக்கொண்டிருந்த கோப்பு மட்டுமன்றி, அதனோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத வேறு கோப்புகளும் கெட்டுப் போகலாம். அவ்வாறு நேராமல் காக்க வேண்டிய மென்பொருளுக்குக் கோப்பமைப்பு என்று பெயர்.

லினக்ஸ் இயங்குதளத்தில் 'எக்ஸ்ட்' என்னும் கோப்பமைப்புக் குடும்பம் ஒன்று உண்டு. உலகின் எண்ணற்ற சேவைக் கணிப்பொறிகளிலும், பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் வேலை செய்வது இதுதான். இதன் நிரல் திறந்த மூல நிரல். யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம், குறை காணலாம், திருத்தி அனுப்பலாம். இக்குடும்பம் வளர்ந்த கதையையும், அதில் தோன்றிய கோளாறுகளைக் கண்டுபிடித்த விதத்தையும் இங்கே காண்போம்.

வட்டில் எழுதுவது எப்படி?

கணிப்பொறியின் வட்டைக் கட்டம் போட்ட மிகப் பெரிய நோட்டுப் புத்தகமாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கட்டங்களுக்கு வரிசை எண் உண்டு. ஒரு கட்டத்தில் வழக்கமாக 4096 பைட்டுகள் அடங்கும். உங்கள் கட்டுரை இத்தகைய சில கட்டங்களில் எழுதப்படுகிறது.

எழுதினால் மட்டும் போதாது. எங்கே எழுதினோம் என்ற கணக்கும் வேண்டும். கோப்பமைப்பு மூன்று கணக்குகளை வைத்திருக்கிறது. முதலாவது, பெயர்ப் பட்டியல். 'கட்டுரை என்னும் கோப்பின் எண் 512' என்பது போன்ற குறிப்புகள் இதில் இருக்கும். இரண்டாவது, அந்த எண்ணுக்குரிய விவரச் சீட்டு. இதனை 'ஐநோடு' என்பர். கோப்பின் அளவு என்ன, அது எந்தெந்தக் கட்டங்களில் உள்ளது என்பவை இச்சீட்டில் இருக்கும். மூன்றாவது, எந்தக் கட்டம் காலி, எது நிரம்பியது என்று காட்டும் காலிப் பட்டியல்.

உங்கள் கட்டுரையில் ஒரு பக்கத்தைக் கூட்டுகிறீர்கள் என்போம். அப்போது மூன்று இடங்களில் எழுத வேண்டும்: புதிய கட்டத்தில் எழுத்துகள், ஐநோடில் அக்கட்டத்தின் எண், காலிப் பட்டியலில் 'இது நிரம்பியது' என்னும் குறி. இம்மூன்றும் வட்டின் வெவ்வேறு மூலைகளில் இருக்கின்றன. ஒன்றை எழுதிய பின்னரே மற்றொன்றை எழுத முடியும்.

ஒன்று மட்டும் எழுதப்பட்டு மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? எழுத்துகள் மட்டும் பதிந்திருந்தால் புதிய பக்கம் கிடைக்காது. வேறு கேடு இல்லை. காலிப் பட்டியல் மட்டும் மாறியிருந்தால் ஒரு கட்டம் வீணாகும். ஐநோடு மட்டும் மாறியிருந்தால்தான் ஆபத்து. கோப்பு அந்தக் கட்டத்தைத் தன்னுடையது என்கிறது; பட்டியலோ அது காலி என்கிறது. நாளை வேறொரு கோப்புக்கும் அதே கட்டம் ஒதுக்கப்படும். ஒரே மனையை இருவருக்கு விற்றது போல, இரண்டு கோப்புகள் ஒன்றன் மேல் ஒன்று எழுதத் தொடங்கும்!

அவசரமும் தாமதமும்

அப்படியானால் மூன்றையும் சட்டென்று எழுதி முடித்துவிடலாமே? அதற்குக் குறுக்கே நிற்பது இயற்பியல். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் காந்த வட்டு ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லி விநாடி ஆகும். வேண்டிய இடம் எழுதும் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது சுமார் 4.2 மில்லி விநாடி வேண்டும். நினைவகத்தில் ஓரிடத்தை எட்டவோ ஏறக்குறைய 100 நானோ விநாடியே போதும். வகுத்துப் பாருங்கள்: வேறுபாடு நாற்பதாயிரம் மடங்குக்கு மேல்!

ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் வட்டை நாடாமல், செய்திகளை நினைவகத்தில் சேர்த்து வைத்து, பின்னர் மொத்தமாக எழுதுகிறது கணிப்பொறி. இதனால் வேகம் கூடுகிறது. ஆனால் மின்சாரம் நின்றால் நினைவகத்தில் உள்ளவை மறைந்துவிடும். வேகமும் பாதுகாப்பும் தராசின் இரு தட்டுகள். கோப்பமைப்பை ஆக்குவோரின் வேலை முழுவதும் இத்தராசைச் சமன் செய்வதே எனலாம்.

எக்ஸ்ட் பிறந்த கதை

பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸைத் தொடங்கினார். அப்போது அவர் கையாண்டது, பேராசிரியர் ஆண்ட்ரூ டானென்பாம் கற்பிப்பதற்காக ஆக்கிய மினிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் கோப்பமைப்பு. அதில் வட்டின் அளவு 64 மெகாபைட்டைத் தாண்ட முடியாது. கோப்பின் பெயர் 14 எழுத்துகளைத் தாண்ட முடியாது. 1992-இல் பிரான்சைச் சேர்ந்த ரெமி கார்டு, எல்லையை 2 கிகாபைட்டாகவும் பெயரை 255 எழுத்துகளாகவும் விரித்து 'எக்ஸ்ட்' அமைப்பை உருவாக்கினார். மறு ஆண்டே எக்ஸ்ட்-2 வந்தது. ரெமி கார்டுடன் தியோடோர் ட்ஸோ, ஸ்டீஃபன் ட்வீடி ஆகியோரும் அதில் உழைத்தனர்.

எக்ஸ்ட்-2 வேகமானது, ஆனால் மின்தடைக்கு அதனிடம் இருந்த மருந்து ஒன்றே. கணிப்பொறி மீண்டும் உயிர் பெற்றதும், ஒரு சரிபார்ப்பு நிரல் வட்டின் கணக்குகள் முழுவதையும் ஒத்துப் பார்க்கும். ஒரு கட்டத்துக்கு இருவர் உரிமை கொண்டாடுகிறார்களா, காலிப் பட்டியல் உண்மை சொல்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கும். பெயர் தெரியாமல் அனாதையாகக் கிடக்கும் கோப்புகளை 'தொலைந்து கிடைத்தவை' என்று பொருள்படும் பெயர் கொண்ட தனி இடத்தில் சேர்க்கும். வட்டு சிறிதாக இருந்தவரை இது போதுமானதாக இருந்தது. வட்டுகள் பெருகப் பெருகச் சோதனை மணிக்கணக்கில் நீண்டது. ஒரு சிறு மின்தடைக்காக ஓர் அலுவலகமே காத்திருக்க முடியுமா?

சிட்டையும் பேரேடும்

இதற்கு விடை நம் ஊர்க் கடைகளில் உள்ள பழக்கம்தான். கடைக்காரர் வியாபாரம் நடக்கும்போதே பேரேட்டைப் புரட்டி ஒவ்வொரு கணக்கிலும் எழுதுவதில்லை. முதலில் நாள் சிட்டையில் வரிசையாகக் குறித்துக்கொள்வார். ஓய்வாக இருக்கும்போது பேரேட்டில் ஏற்றுவார். பேரேட்டில் ஏற்றும்போது இடையில் எழுந்து போக நேர்ந்தாலும் கவலை இல்லை; திரும்பி வந்து சிட்டையைப் பார்த்து மீண்டும் ஏற்றலாம்.

ஸ்டீஃபன் ட்வீடி இம்முறையை எக்ஸ்ட்-2 உடன் இணைக்கும் வழியை 1998-இல் விளக்கினார். அதுவே எக்ஸ்ட்-3. 2001-ஆம் ஆண்டு நவம்பரில் அது லினக்ஸின் பொது வெளியீட்டில் இடம் பெற்றது. அதன் வழக்கமான நடைமுறை இது: முதலில் கோப்பின் எழுத்துகள் உரிய கட்டத்தில் எழுதப்படும். அடுத்து ஐநோடு, காலிப் பட்டியல் ஆகியவற்றில் செய்ய வேண்டிய மாற்றங்களின் நகல் சிட்டையில் எழுதப்படும். பிறகு 'முடிந்தது' என்ற முத்திரை இடப்படும். அதன் பின்னரே அம்மாற்றங்கள் தத்தம் இடங்களில் ஏற்றப்படும்.

முத்திரைக்கு முன் மின்சாரம் நின்றால், சிட்டையின் அப்பகுதி தள்ளப்படும். பழைய கணக்கு பழுதில்லாமல் இருக்கும். முத்திரைக்குப் பின் நின்றால், சிட்டையைப் பார்த்து மீண்டும் எழுதினால் போதும். ஒரே நகலை இரண்டு முறை எழுதினாலும் விளைவு ஒன்றே. ஆகவே எங்கே விட்டோம் என்று தேட வேண்டியதில்லை. மணிக்கணக்கில் நடந்த சோதனை சில விநாடிகளாகச் சுருங்கியது.

இன்னொரு நயமும் உண்டு. சிட்டையும் ஒரு சாதாரணக் கோப்பைப் போலவே எக்ஸ்ட்-2 வட்டில் வைக்கப்பட்டது. எனவே பழைய வட்டை அழிக்காமல், கோப்புகளை வேறிடத்துக்கு மாற்றாமல் எக்ஸ்ட்-3 ஆக்கிவிட முடிந்தது.

2009-இல் வந்த சோதனை

2008 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 2.6.28-இல் எக்ஸ்ட்-4 முழுமை பெற்றது. அதில் வேகத்துக்காக ஒரு புதிய உத்தி இருந்தது. எழுத்துகள் வந்தவுடன் கட்டம் ஒதுக்காமல், அவற்றை வட்டில் எழுதும் நேரம் வரும்வரை ஒதுக்கீட்டைத் தள்ளிப் போடுவதே அது. கோப்பின் முழு அளவும் தெரிந்தபின் ஒதுக்கினால், அடுத்தடுத்த கட்டங்களாகத் தர முடியும் அல்லவா?

சில வாரங்களிலேயே ஒரு விந்தையான புகார் வந்தது. உபுண்டு 9.04-இன் முன்வெளியீட்டைச் சோதித்த ஒருவரின் கணிப்பொறி திடீரென நின்றுபோயிற்று. மீண்டும் இயக்கியபோது, அண்மையில் எழுதப்பட்ட பல கோப்புகள் பெயரளவில் இருந்தன. உள்ளே ஒரு பைட்டும் இல்லை! பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

காரணம் என்ன? கோப்பைத் திருத்தும் நிரல்கள் பல, புதிய வடிவத்தைத் தற்காலிகப் பெயரில் எழுதி, பிறகு பழைய கோப்பின் பெயரை அதற்குச் சூட்டும். பெயர் மாற்றம் ஏறக்குறைய ஐந்து விநாடிக்குள் சிட்டையில் ஏறிவிடும். எக்ஸ்ட்-3-இல் எழுத்துகள் அதற்கு முன்பே வட்டில் பதிந்துவிடும். எக்ஸ்ட்-4-இலோ, கட்டமே ஒதுக்கப்படாத எழுத்துகள் அரை நிமிடமோ அதற்கு மேலோ நினைவகத்தில் காத்திருக்கும். அந்த இடைவெளியில் கணிப்பொறி நின்றால், பெயர் மட்டும் மாறியிருக்கும், எழுத்து வந்திராது.

குற்றம் யாருடையது? இங்கே பெரும் விவாதம் எழுந்தது. 'இந்தக் கோப்பை இப்போதே வட்டில் எழுது' என்று கேட்பதற்கு 'எஃப்சிங்க்' என்னும் கட்டளை உண்டு. அதைக் கொடுக்காத நிரலுக்குக் கோப்பமைப்பு எந்த வாக்கும் தரவில்லை என்பது ஒரு தரப்பு. எக்ஸ்ட்-3-இல் அக்கட்டளை வேறு கோப்புகளின் எழுத்துகளையும் சேர்த்து எழுதவைத்துக் கணிப்பொறியைத் திணற அடித்தது. அதனால்தான் நிரலாளர்கள் அதைத் தவிர்த்தனர் என்பது மறு தரப்பு.

தியோடோர் ட்ஸோ நிரலாளர்களிடம் 'எஃப்சிங்க்' கட்டளையைப் பயன்படுத்துமாறு வேண்டினார். அத்தோடு நிற்காமல் எக்ஸ்ட்-4-ஐயும் திருத்தினார். ஒரு கோப்பின் பெயர் இன்னொன்றுக்குச் சூட்டப்பட்டால், அதன் எழுத்துகளுக்கு உடனே கட்டம் ஒதுக்கப்படும். 2009 ஜூனில் வெளியான 2.6.30 பதிப்பில் இத்திருத்தம் அனைவருக்கும் கிடைத்தது. விதிப்படி சரியாக இருந்தால் மட்டும் போதாது, மக்கள் எதை நம்பியிருக்கிறார்களோ அதையும் மதிக்க வேண்டும் என்பது இதில் கற்ற பாடம்.

கோளாறைத் தேடும் கலை

கோளாறு வருமுன் காக்கவும் வழிகள் உண்டு. கோப்பமைப்புக்கும் வட்டுக்கும் நடுவே ஒரு மென்பொருளை நிறுத்தி, குறிப்பிட்ட கணத்துக்குப் பின் எழுதப்படுபவற்றை எல்லாம் அது விழுங்கிவிடச் செய்வார்கள். இது மின்தடையைப் போன்ற செயற்கைச் சோதனை. இத்தகைய சோதனைகள் தானாகவே நடத்தப்படுகின்றன.

ஒரு பதிப்பில் இல்லாத கோளாறு அடுத்த பதிப்பில் தோன்றினால்? இடையில் ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் அஞ்ச வேண்டாம். நடுவிலுள்ள மாற்றம் வரை எடுத்துச் சோதிக்க வேண்டும். கோளாறு தெரிந்தால் குற்றவாளி முன்பாதியில், தெரியாவிட்டால் பின்பாதியில். அகராதியில் சொல் தேடுவது போலப் பாதி பாதியாகக் குறைத்தால் பத்தே சோதனைகளில் பிடிபட்டுவிடும். இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1024 அல்லவா!

இத்தனைக்குப் பின்னும் பிழைகள் நுழையத்தான் செய்கின்றன. 2023-இன் இறுதியில், எக்ஸ்ட்-4-க்கான ஒரு திருத்தத்தை லினக்ஸ் 6.1.64 பதிப்புக்குக் கொண்டு சென்றபோது, அதற்குத் துணையாக வேண்டிய இன்னொரு மாற்றம் விடுபட்டுப் போயிற்று. சில சூழ்நிலைகளில் கோப்புகள் கெடும் நிலை ஏற்பட்டது. டெபியன் குழுவினர் 12.3 வெளியீட்டை நிறுத்தி வைத்து, அதைத் தவிர்க்கும்படி வெளிப்படையாக எச்சரித்து, டிசம்பர் 10 அன்று திருத்திய 12.4-ஐ வெளியிட்டனர். பிழையை மறைக்க இடமில்லாத ஏற்பாடு இது. விரைவாகத் திருந்துவதற்கும் அதுவே காரணம்.

மாணவர்களே, இதில் நமக்கும் செய்தி உண்டு. பென் டிரைவைச் சட்டென்று பிடுங்காதீர்கள். அதில் வழக்கமாக உள்ள கோப்பமைப்புக்குச் சிட்டை கிடையாது. எழுத வேண்டியவை கணிப்பொறியின் நினைவகத்திலேயே காத்திருக்கக்கூடும். 'பாதுகாப்பாக அகற்று' என்று கட்டளையிட்டு, விடை வந்தபின் எடுங்கள். மேலும், சிட்டை காப்பது கணக்கின் ஒழுங்கை மட்டுமே. வட்டே பழுதானால் அதனால் பயனில்லை. முக்கியமான கோப்புக்கு இன்னொரு நகல் வேறோர் இடத்தில் இருக்கட்டும்.

எக்ஸ்ட்-4-இன் நிரல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. படிக்கத் தொடங்க உங்களுக்கும் தடையேதும் இல்லை.