ஒரே காற்று, வெவ்வேறு படகு

இலங்கையின் பொல்பிட்டிய மின்நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றும் தண்ணீரில் ஒரு பங்கு, மேலே காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நின்றுவிட்டு வந்த தண்ணீர். அந்தத் தேக்கத்தில் ஒரு பாய்மரப் படகுப் பந்தயம் நடப்பதாக வைத்துக்கொள்வோம். சிறுவர்கள் ஓட்டும் ஆப்டிமிஸ்ட் 2.3 மீட்டர் நீளம். பக்கத்தில் நிற்கும் லேசர் 4.2 மீட்டர். நீளமும் பாயின் பரப்பும் கூடினால் பொதுவாக வேகமும் கூடும். லேசர்தான் முந்தும். அதில் ஓட்டியவரின் திறமை எவ்வளவு?

தேயிலைத் தோட்டத்தில் இந்தக் கேள்வி பழசு. செங்குத்து மலையில் பறித்த கொழுந்தானாலும் சமதரையில் பறித்ததானாலும், நிறுவையில் தராசு கிலோவை மட்டும்தான் சொல்லும், சரிவைச் சொல்லாது.

படகுப் பந்தயத்தில் அந்தச் சரிவையும் கணக்கில் சேர்க்க வந்ததுதான், இங்கிலாந்தில் பிறந்த போர்ட்ஸ்மவுத் எண். ஒவ்வொரு படகு வகைக்கும் ஓர் எண் உண்டு. எடுத்த நேரத்தை 1000ஆல் பெருக்கி அந்த எண்ணால் வகுக்க வேண்டும். லேசருக்கு ஏறத்தாழ 1100, ஆப்டிமிஸ்டுக்கு ஏறத்தாழ 1640 என்று கொள்வோம். லேசர் 55 நிமிடத்தில் வந்தால் திருத்திய நேரம் 50 நிமிடம். ஆப்டிமிஸ்ட் 82 நிமிடத்தில் வந்தாலும் அதே 50 நிமிடம். இருவரும் சமம்!

கணக்கு ஓரிடத்தில் இடறும். லேசர் கரை சேர்ந்த பின்னும் ஆப்டிமிஸ்ட் 27 நிமிடம் தண்ணீரில் இருக்கிறது. மலைகளுக்கிடையே காற்று அதற்குள் செத்துப்போகலாம், திசை மாறலாம், பலக்கவும் செய்யலாம். எண்ணுக்கு அது தெரியாது.

ஒரே வகைப் பந்தயத்தில் இந்தத் தொல்லை குறைவு. எல்லாருக்கும் ஒரே உடல், ஒரே அளவுப் பாய். முதலில் கோட்டைத் தாண்டியவர் வென்றவர். ஒலிம்பிக் வழியும் இதுதான். டோக்கியோ 2020இல் சென்னையின் நேத்ரா குமணன் லேசர் ரேடியலிலும், விஷ்ணு சரவணன் லேசரிலும், கணபதியும் வருண் தக்கரும் ஃபார்ட்டி நைனரிலும் தத்தம் வகைக்குள்ளேயே மோதினார்கள்.

ஆனால் அதற்கு ஒரே வகைப் படகு பல வேண்டும். சிறிய கிளப்புக்கு அது பெருஞ்செலவு. லேசர் இதற்கு ஒரு வழி காட்டுகிறது: அதே உடலில் 7.06 சதுர மீட்டர் பாய்க்குப் பதில் 5.76 சதுர மீட்டர் பாயைக் கட்டினால் அதுவே எடை குறைந்தவர்களுக்கான ரேடியல்.

ஒரு கிளப்பின் ஐந்து படகும் ஐந்து வகையாக இருக்கும்வரை கணக்குத்தான் பந்தயத்தை நடத்தும். ஐந்தும் ஒரே வகையாகும் நாளில் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.